சொம்புச் செடியும் அழுகண்ணியும்

"சொம்பெல்லாம் காஞ்சு கொட்டுதுடா தம்பி. நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

புதுக்கோட்டையில் இருக்கும் அக்கா, பெரியம்மா மகள், போனில் இதைச் சொன்னபோது மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. காய்ந்து கொட்டியது பித்தளைச் சொம்பு அல்ல, செடியில் தொங்கும் சொம்பு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் குடுவைத் தாவரம், நெப்பந்தஸ் என்று படம் போட்டிருக்குமே, அதுதான். நர்சரிக்காரர்கள் 'பூச்சி தின்னி' என்று சொல்லி விற்கிறார்கள். அக்காவுக்கு அது வாங்கிய நாளிலிருந்தே சொம்புச் செடி. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டிக் கொடிபோல நீண்டு, கீழே வளைந்து, முனையில் ஒரு சொம்பாகப் புடைத்து, தலைக்கு ஒரு மூடியும் போட்டுக்கொள்கிறது. அவள் வைத்த பெயரைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. திருச்சியில் என் வீட்டுப் பால்கனியில் ஆறு வருஷமாக இதே செடி தொங்குகிறது. அதற்கு முன் மூன்று செடிகளைக் கொன்றிருக்கிறேன் என்பதை அக்காவிடம் சொன்னதில்லை. அந்த மூன்றும்தான் எனக்கு வாத்தியார்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். பையில் மாற்றுத் துணி, ஒரு பூதக்கண்ணாடி, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா அளவுக் கருவி ஒன்று, இரண்டு காலி பாட்டில். கீரனூர் வரை தூக்கம். அதைத் தாண்டியதும் நார்த்தாமலைப் பாறைகள் வந்தன. மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆகியும் பாறைச் சரிவுகளில் கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர்த் தடம். வெயில் பட்டு அது மின்னியபோதே, நாளைக்கு இங்கே இறங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். புதுக்கோட்டைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். கல்யாணம், கருமாதி, காதுகுத்து. மலைமேல் ஏறியது கல்லூரி நாளில் ஒரே ஒரு தடவை.

அக்கா வீடு திருக்கோகர்ணத்தில், 1910-இல் தொடங்கிய அந்தப் பழைய அருங்காட்சியகத்திலிருந்து நடக்கிற தூரம். வாசலிலேயே செடி. மூன்று மாதத்துக்கு முன் 450 ரூபாய்க்கு வாங்கியபோது பதினோரு சொம்பு இருந்ததாம். நான் பார்த்தபோது எல்லாம் சருகு. இலை ஓரங்கள் தீய்ந்த தோசைபோலக் கருகியிருந்தன. புதிதாக வந்த நாலு இலையிலும் நுனிக்கொடி முளைத்து, சொம்பு கட்டாமலே கறுத்துப் போயிருந்தது.

"என்ன தண்ணிக்கா ஊத்துறே?"

"நீ சொன்ன ஆர்ஓ தண்ணிதான்டா. போர் தண்ணி ஒரு சொட்டு படல."

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் சுத்திகரிப்பு எந்திரம். அதிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் கீழே தொங்கி, பச்சை பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"குடிக்கிறது மேலே வருது. இது செடிக்கு. வீணாக்க மனசு வருமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. ஆர்ஓ எந்திரம் உப்பை அழிப்பதில்லை. உள்ளே இருக்கும் சவ்வு நல்ல தண்ணீரை ஒரு பக்கம் விட்டுவிட்டு, உப்பையெல்லாம் மிச்சத் தண்ணீரோடு சேர்த்து இந்தக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு. போர் தண்ணீரைவிட உப்பு கூடின தண்ணீர் அது. அக்கா மூன்று மாதமாகச் செடிக்கு ஊற்றியது அதைத்தான். சொம்பு காலியாக இருக்கிறதே என்று அதற்குள்ளும் ஒரு மடக்கு ஊற்றியிருக்கிறாள்.

பேனாவைப் பக்கெட்டில் விட்டேன். எண் நாலு இலக்கத்துக்கு ஏறி நின்றது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லை என்றால் 2,000 வரை குடிக்கலாம். அதனால் மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது. இந்தச் செடிக்கு 50-க்குள் இருந்தால் நிம்மதி, 100 தாண்டினால் நாள் எண்ண ஆரம்பிக்கலாம்.

தொட்டியைக் கவிழ்த்தால் அடுத்த கதை. செம்மண், ஆட்டு எரு, மேலே ஒரு கை மண்புழு உரம். முருங்கைக்கும் ரோஜாவுக்கும் போடுகிற அதே அன்பு. "பச்சப் புள்ள மாதிரிப் பாத்துக்கிட்டேன்" என்றாள் அக்கா. அதில் பொய்யே இல்லை.

"கறிக்கொழம்பு ஊத்தாம விட்டாளே, அதச் சொல்லு மாப்ள" என்றார் மச்சான், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஊத்தல. பேரன் ஒரு துண்டு கோழிக்கறி போட்டான். அது நாறிப்போயி அந்தச் சொம்பே கழண்டு விழுந்துருச்சு."

இந்தச் செடி பிறந்த இடத்தில் மண்ணுக்குச் சத்து கிடையாது. கழுவிப் போன மலைச்சரிவு, மணல், பாறை இடுக்கு, கரி நிறத்தில் புளித்த சதுப்பு. அங்கே வேரால் சம்பாதிக்க முடியாது என்று ஆகிவிட்டதால்தான் இலையைச் சொம்பாக்கிப் பூச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டது. வேர் கறுப்பாக, தலைமுடிபோல மெல்லிசாக இருக்கும். அதற்கு எரு கொடுப்பது, ஆயுசுக்கும் கஞ்சி குடித்த வயிற்றில் நெய்ச்சோற்றைத் திணிப்பது மாதிரி.

பூச்சி பிடிக்கிற விதம் ரொம்ப எளிமை, அதனால்தான் நம்ப மாட்டார்கள். மூடி டபக்கென்று மூடிக்கொள்ளும் என்று பேரன் நாள் கணக்காகக் காத்திருந்தானாம். மூடி மூடவே மூடாது. அது மழைத்தண்ணீர் கொட்டாமல் இருக்க ஒரு குடை. வேலை செய்வது வாய் விளிம்பு. அதில் தேன் சுரக்கும். மெல்லிய வரி வரியாக இருக்கும் அந்த விளிம்பு காய்ந்திருந்தால் எறும்பு தாராளமாக நடக்கும். ஈரம் பட்டால் மழை நாளில் பாசி பிடித்த படித்துறைதான். போன், ஃபெடர்லே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் இதை அளந்து காட்டினார்கள். ஈர விளிம்பில் தண்ணீர்ப் படலத்தின் மேல் எறும்பின் பாதம் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. விழுந்தால் உட்சுவரில் மெழுகுப் பூச்சு, ஏற வழியில்லை. அடியில் இருக்கும் நீர் வெறும் மழைநீர் அல்ல, சொம்பு திறக்கும் முன்பே செடி சுரந்து வைத்த செரிமான நீர். அதில் குழாய்த் தண்ணீரைக் கலந்தால் நம் வயிற்று அமிலத்தில் பக்கெட் தண்ணீர் ஊற்றின கணக்கு. சின்ன எறும்பு, ஈ, பல்லி மிச்சம் வைத்த கரப்பான் குஞ்சு, இதெல்லாம் அதுவாகப் பிடித்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கிடைத்தாலே போதும். கொசுத்தொல்லைக்கு இதை வாங்குகிறவர்கள் கொசுவலை வாங்குவது மேல்.

சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து பேரனுக்குக் கதை சொன்னேன். அக்காவின் செடி பிலிப்பைன்ஸ் நாட்டு இனங்கள் இரண்டு கலந்து உண்டான கலப்பினம். வென்ட்ராட்டா என்று பெயர். வெயிலையும் குளிரையும் கொஞ்சம் தாங்கும் என்பதால் உலகம் முழுக்க வீடுகளில் தொங்குவது இதுதான்.

"நம்ம ஊர்ல காட்டுல இல்லயா தாத்தா?"

இந்தியாவில் ஒரே ஒரு இனம் உண்டு, மேகாலயாவில். காசி மலையின் பெயரால் நெப்பந்தஸ் காசியானா. ஜோசப் ஹூக்கர் 1873-இல் அந்தப் பெயரை வைத்தார். காரோ மலை மக்கள் மேமாங்-கோக்சி என்பார்கள், பேயின் கூடை என்று பொருள். தெற்கு காரோ மலையில் பாக்மாரா என்ற ஊரில் இந்தச் செடிக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற செடிகளில் அது ஒன்று; காட்டிலிருந்து எடுத்தால் குற்றம். ஆன்லைனில் யாராவது 'ஒரிஜினல் மேகாலயா' என்று விற்றால் ஓடிவிடுங்கள்.

ஆனால் புதுக்கோட்டையிலிருந்து அளந்தால் மேகாலயா 2,000 கிலோமீட்டர். கடலைத் தாண்டினால் இலங்கை பக்கத்தில். தென்மேற்கு இலங்கையின் மழைக்காடுகளில் நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியா இருக்கிறது, சிங்களத்தில் பந்துர. காகம் பறக்கும் வழியில் போனால் இங்கிருந்து 500 கிலோமீட்டருக்குள். லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கே நெப்பந்தஸ் என்று பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்த முதல் செடி இந்த இலங்கைக்காரிதான். ஹோமரின் காவியத்தில் ஹெலன் மதுவில் கலந்து கொடுக்கும் மருந்தின் பெயர் அது. குடித்தவருக்குத் துக்கம் தெரியாது. நாள் கணக்கில் நடந்து களைத்த தாவர ஆய்வாளனுக்கு இந்தச் செடி கண்ணில் பட்டால் பட்ட பாடெல்லாம் மறந்துபோகும் என்று லின்னேயஸ் நினைத்தார்.

மலேசியாவில் இதற்குப் பெரியுக் கெரா, குரங்குப் பானை என்று பெயர். சொம்பைக் கழுவி, பசையரிசியும் தேங்காய்ப்பாலும் அடைத்து ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றேன். அக்கா வடை மாவை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பூச்சி செத்துக் கெடந்த சொம்புலயா?"

இன்னும் ஒன்று சொன்னேன். நெப்பந்தஸ், முளைக்கீரை, காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளி எல்லாம் தாவரவியல் கணக்கில் ஒரே வரிசையில் வருகிறவை. "அப்ப கீரைக்கும் இதுக்கும் பங்காளி முறையாக்கும்" என்றாள். ஆமாம், அதேதான். அந்தப் பங்காளிகளில் ஒருத்தரை நாளைக்குப் போய்ப் பார்ப்போம் என்றேன். மச்சான் முதல் தடவையாகப் பேப்பரை மடித்தார்.

விடிகாலையில் மச்சானின் பைக்கில் கிளம்பினோம். பனி. கைலியைத் தலைக்குச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். வழியில் தைலமரத் தோப்புகள். இந்த மாவட்டத்தில் செம்புறாங்கல் பொட்டல்களை ஏக்கர் கணக்கில் பிடித்துக்கொண்ட மரம். மழைத்தண்ணீரைக் கண்மாய்க்குப் போகவிடாமல் தோப்புக்குள்ளேயே வரப்பு கட்டி நிறுத்துகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்மாய் வறண்டது அவர்கள் வழக்கு. என் வழக்கு சின்னது. ஒன்றும் விளையாத பொட்டல் என்று நாம் ஒதுக்கிய அந்த ஈரச் செம்மண்ணில்தான், மழை முடிந்த இரண்டு மாதத்துக்கு, பூச்சி பிடிக்கும் செடிகள் தலைகாட்டும். நிழல் விழுந்தால், மேலே சருகு மூடினால், அவை வராது. பொட்டலாக இருப்பதுதான் அந்த நிலத்தின் செல்வம் என்று எந்த அதிகாரியிடம் மனு கொடுப்பது?

நார்த்தாமலையில் ஒன்பது குன்றுகள் என்பார்கள். நாங்கள் ஏறியது மேலமலை. பைக்கை ஊர் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். வழியில் ஒரு சுனை, அதற்குள் முழுகிய ஒரு குடைவரையும் லிங்கமும் இருக்கிறது. மேலே விஜயாலய சோழீச்சரம். சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை, மேற்குப் பார்த்த வாசல், எதிரே பாறையில் குடைந்த சமணர் குடகும் பழியிலி ஈச்சரமும். கோயிலைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விஷயம். முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி என்பவர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்று வாசலில் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய சேதி. வறண்ட ஜில்லா என்று பெயரெடுத்த ஊரில், கல்கோயிலை இடித்த மழை. அந்த வரியைப் படித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தால் பாறையில் ஒவ்வொரு பள்ளமும் தண்ணீர் ஓடிய வழியாகத் தெரிகிறது.

கோயிலுக்குக் கீழே, ஏறும் வழியை விட்டுக் கொஞ்சம் விலகினால், பாறையிலிருந்து கசியும் ஈரம் ஒரு சரிவில் பரவியிருந்தது. விரல் கனத்துக்கு மணல், பாசி, ஊசிப்புல். அதில் குந்தி உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பத்து நிமிஷம் ஆகும். புல்லுக்கு நடுவே துருப்பிடித்த சின்னச் சின்ன நாணயங்கள் கொட்டிக் கிடக்கிற மாதிரி. ஒன்று தெரிந்துவிட்டால் நூறு தெரியும். கால் வைக்க இடமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"மச்சான், அங்கேயே நில்லுங்க. மிதிக்காதீங்க."

ட்ரோசிரா. நாணயம்போலத் தரையோடு ஒட்டிக் கிடந்தது பர்மானி இனம். ஒரு ரூபாய்க் காசு அகலம்கூட இல்லை. கரண்டி கரண்டியாகச் சிவந்த இலைகள், ஒவ்வொரு கரண்டியின் விளிம்பிலும் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு சொட்டு. பக்கத்திலேயே அதன் இன்னொரு இனம், இண்டிகா. நூல் இலைகளோடு நிமிர்ந்து நின்றது, இளஞ்சிவப்பில் சின்னப் பூ. அதன் உடம்பு முழுக்கச் சொட்டு. எதிர்வெயிலில் கண்ணாடி மணி கோத்த மாதிரி.

மச்சான் கையில் கடித்த கொசுவை அடித்து, அதை ஒரு புல் நுனியில் எடுத்து அந்தச் சிவப்புக் கரண்டியில் வைத்தார். அவராகவே செய்தார், நான் சொல்லவில்லை. விளிம்பு மயிர்கள் மடங்கின. மெதுவாக அல்ல. பத்து எண்ணுவதற்குள் கொசுவின் மேல் விரல்போலக் கவிந்துவிட்டன. மச்சான் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத்தன வருஷம் இந்த மலைக்கு வந்துக்கிட்டுப் போய்க்கிட்டு இருக்கேன் மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

1860-இல் டார்வின் இங்கிலாந்தின் புதர்க்காட்டில் இதன் உறவுக்காரச் செடியைப் பார்த்துவிட்டு இதே மாதிரிதான் மயங்கினார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் வந்து ஒரு வருஷம், உலகமே அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். அவரோ, அந்த உயிரினங்கள் எல்லாவற்றின் தோற்றத்தையும்விட ட்ரோசிராவின் மேல்தான் தனக்கு அக்கறை என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். பச்சை மாமிசம், முட்டை வெண்கரு, பால், கண்ணாடித் துண்டு என்று எதையெல்லாமோ இலையில் வைத்துப் பார்த்தார். 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் என்ற புத்தகம் வந்தது. அதில் பெரும்பகுதி இந்த ஒரு செடிதான்.

தமிழில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அழுகண்ணி. சித்த வைத்தியர்கள் தொழுகண்ணி, அழுகண்ணி என்று ஜோடியாகச் சொல்வார்கள். தொழுகண்ணி, இலைகளைத் தானாக அசைக்கும் செடி. அழுகண்ணி, இலையில் நீர் துளிர்த்து நிற்கும் செடி. பொன் பற்பம் செய்ய இதைத் தேடுவார்கள் என்பதும் உண்டு. அழுகண்ணிச் சித்தர் என்று ஒரு சித்தருக்கே பெயர். பெயர் வைத்தவர் அழுகிற கண்ணைத்தான் நினைத்திருப்பார். ஆனால் தமிழில் குருவிக்கும் முயலுக்கும் வைப்பதும் கண்ணிதான். அழுகிற கண்ணி, அழுதுகொண்டே பிடிக்கிற கண்ணி. அந்த ஈரச் சரிவில் உட்கார்ந்திருந்தபோது இரண்டாவது பொருள்தான் எனக்குச் சரியாகப் பட்டது. வைத்தியர் யாருக்காவது அந்தச் சிலேடை தெரிந்தே இருந்திருக்கும் என்று நம்ப ஆசை. கடலுக்கு அந்தப் பக்கத்துச் செடிக்குத் துக்கம் இல்லாதது என்று வெள்ளைக்காரர் பெயர் வைத்தார். இந்தப் பக்கம் நம் ஆள் அழுகிறது என்று வைத்தார். இரண்டும் செய்வது ஒரே வேலை.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா வந்து, நாங்கள் எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று கேட்டது. காட்டினேன்.

"இதா? இது பனி காயாத பூண்டுல்ல அப்பு. புல்லுல பனியெல்லாம் வெயிலுக்குப் போயிரும். இதுல மட்டும் உச்சிக்கும் நிக்கும்."

"பூச்சியத் திங்கும் ஆத்தா."

"திங்கட்டும். நாம திங்கலயா?" என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. பூதக்கண்ணாடியும் கல்லூரிப் படிப்பும் வைத்துக்கொண்டு நான் பத்து நிமிஷம் தேடியதை, அந்த ஆத்தா நின்ற வாக்கில் பார்த்திருக்கிறது. பனியில்லை என்பதை வெயிலை வைத்தே கண்டுபிடித்தும் வைத்திருக்கிறது.

கொஞ்சம் மேலே, பாறைக் குழி ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. குளிக்கும் தொட்டி அளவு. பேனாவை விட்டேன். இரண்டு இலக்கத்தில், அதுவும் கீழ்ப்பக்கம் நின்றது. கருங்கல்லில் கரைவதற்கு ஒன்றும் இல்லை. வானத்திலிருந்து வந்தபடியே கிடக்கிறது தண்ணீர். அந்தத் தண்ணீர் கசிந்துதான் கீழே அழுகண்ணி அழுகிறது. ஒரு பிடி மணலும் உப்பில்லாத ஈரமும் முழு வெயிலும் தவிர அதற்கு எதுவும் கிடையாது. பங்காளி இருவரில் ஒருவர் இங்கே இப்படி. இன்னொருவர் திருக்கோகர்ணத்தில் ஆட்டு எருவில் செத்துக்கொண்டிருக்கிறார்.

மச்சான் பாட்டிலைத் திறந்தார். கோயில் பக்கத்துச் சுனையைத் தொட வேண்டாம், இந்தக் குழியில் எடுக்கலாம் என்றேன். இரண்டு பாட்டில் பிடித்தோம். அதுவும் தேவையில்லாத வேலைதான். மழை அக்கா வீட்டு மாடியிலும் பெய்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்களே, அந்தக் குழாய் அவள் வீட்டிலும் இருக்கிறது, நேராகச் சாக்கடையில் இறங்குகிறது. ஊருணியில் மழையைப் பிடித்துக் குடித்தே வாழ்ந்த சீமை இது. ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் ஒரு செடிக்கு வருஷம் முழுக்கக் காணும்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தோம். வளர்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். கீரமங்கலம் பக்கத்திலிருந்து வந்த தேங்காய் நார்த்தூள் கடையில் கிடைத்தது. அதிலும் உப்பு உண்டு. மட்டையை ஊறப்போடும் தண்ணீர் அப்படி. நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறை. அதோடு அரைப்பங்கு உடைத்த அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும். மண் கூடாது, எரு கூடாது, ஒரு சிட்டிகைகூட. வேரைத் தண்ணீரில் அலசும்போது பதறக் கூடாது. அந்தக் கறுப்பு வேர்கள் செத்தவை அல்ல, அவற்றின் நிறமே அதுதான். சருகான சொம்பை மட்டும் வெட்டினோம். பாதி பச்சையாக இருந்தால் விட்டுவிட வேண்டும், அந்தப் பாதியும் செரித்துக்கொண்டிருக்கும். சொம்பு காய்ந்தாலும் இலை வேலை செய்யும்; இலையை வெட்டுவது பேராசை.

தொட்டியில் அடித்துளை நாலைந்து. தண்ணீர் ஊற்றினால் ஓடிவிட வேண்டும், தட்டில் தேங்கி நிற்கக் கூடாது. எங்கே தொங்கவிடுவது என்று வீட்டைச் சுற்றி வந்தோம். வாசலில் மேற்கு வெயில், சித்திரையில் அது கொன்றுவிடும். ஹாலில் இருட்டு. கடைசியில் கிணற்றடி. கிழக்கே திறந்த இடம், காலை வெயில் இரண்டு மணி நேரம், அப்புறம் முருங்கை நிழல். துணி துவைக்கிற ஈரம் எப்போதும் காற்றில் நிற்கும். செடி சொம்பு கட்டாமல் போவதற்குப் பாதிக் காரணம் உப்பு, மீதிக் காரணம் வறண்ட காற்றும் வெளிச்சக் குறைவும். முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டோம். பேரன் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு செடியைப் பார்த்தான். அக்கா முதுகில் ஒன்று வைத்தாள்.

"இதுக்கு மேல என்னடா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம இருக்கணும்க்கா."

அவளுக்கு அதுதான் கஷ்டம் என்பது முகத்தில் தெரிந்தது. ஆர்ஓ பக்கெட்டை இப்போது கழிப்பறைக்கு வைத்திருக்கிறாள்.

மாசிக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழைய இலைகள் அப்படியே கருகிய விளிம்போடு இருந்தன, அவற்றில் இனி சொம்பு வராது. நடுவில் புதிய இலை ஒன்று. அதன் கொடி முனையில் கம்பு மணி அளவுக்கு ஒரு புடைப்பு, மூடி இன்னும் திறக்கவில்லை. 'சொம்பா, மொட்டா?' என்று கேட்டிருந்தாள். சொம்பு என்று பதில் போட்டேன். திறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்றும், அதுவரை தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்றும்.

நார்த்தாமலைச் சரிவு அதற்குள் காய்ந்திருக்கும். அழுகண்ணி பருவச் செடி. ஈரம் வற்றினால் செடி பொடியாகிவிடும், விதை மட்டும் மணலில் அடுத்த ஐப்பசி வரை கிடக்கும். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மார்கழியிலோ தை முதல் வாரத்திலோ, வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். பாறை ஓரத்து ஈரத்தில் கால் வைக்கும் முன் குனிந்து பாருங்கள். பிடுங்கிக்கொண்டு வராதீர்கள், அந்த வேர் அறுந்தால் செடி வீடு வந்து சேராது.